வெளியில் விடச் சொன்னது

ஜூன் 2

அன்புள்ள வாலு,

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், கடைசியில் யார் முதலில் வைத்தது என்பதே தனிச் சண்டையாகிவிடுகிறது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். எழுத்தில் கத்த முடியாது. நீ பார்ப்பாய் என்று தெரியும். நீ துவைத்துக் கொடுக்கிற படுக்கை விரிப்புகளின் கணக்கை லாட்ஜ்காரர்கள் இதில்தானே அனுப்புகிறார்கள்.

"அப்பாவைப் பாத்துக்கறது நான், ஈரத்துணியோட மல்லுக்கட்டுறது நான், நீ அங்கேருந்து யோசனை மட்டும் சொல்லு" என்றாயே, அது உறைத்தது. சரி, இந்தத் தடவை யோசனை இல்லை. துணி காயவைக்கும் மெஷின் ஒன்று அனுப்புகிறேன். காஸில் ஓடுவது. மழையும் குளிருமாகக் கிடக்கிற ஊரில் இனிமேல் நீ கொடிக்கும் வானத்துக்கும் நடுவில் நின்று திட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்த விஷயத்தில் மட்டும் அண்ணன் பேச்சைக் கேள். ஹோட்டல் பேஸ்மென்டில், சலவை அறையில், இந்த மெஷின்களோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். கடையிலிருந்து வருபவன் காஸ் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். காற்றுக் குழாய் நம் பொறுப்பு. மெஷினின் முதுகில் வட்டமாக ஒரு வாய் இருக்கும். சூடு, ஈரம், பஞ்சு, எரிந்த காஸ், எல்லாம் அது வழியாகத்தான் வரும். பிளம்பரைக் கூப்பிட்டுத் தகரக் குழாய் போடச் சொல். ஜவ்வு மாதிரி இழுபடுகிற பிளாஸ்டிக் குழாயை மலிவு என்று தலையில் கட்டப் பார்ப்பான், ஒப்புக்கொள்ளாதே. அதன் மடிப்புகளில் பஞ்சு தங்கும், தங்கிய பஞ்சு ஒருநாள் பற்றிக்கொள்ளும். இணைப்புகளில் ஸ்குரூ வேண்டாம், முனை உள்ளே நீட்டிக்கொண்டு பஞ்சைப் பிடித்து வைக்கும். அலுமினிய டேப் போதும். சுற்றி வளைக்காமல் நேராகப் பின்சுவரைத் துளைத்து வெளியில் விடச் சொல். துணி அறையிலிருந்து ஒரே எட்டுதானே.

அப்பா எப்படி இருக்கிறார்? என் மருமகளுக்குப் பல் வந்துவிட்டதா?

அண்ணன்

-

ஜூன் 12

அண்ணா,

மெஷின் வந்தது. நன்றி சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் நன்றி. முதல் நாள் விரிப்புகளை எடுத்தபோது சூடாக, மொரமொரவென்று இருந்தன. ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். உன் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "என்னைக்கூட நீ இப்படிப் பாத்ததில்ல" என்கிறார்.

நீ சொன்னபடியே தகரக் குழாய், டேப், நேராக வெளியில் விட்டாயிற்று. பிளம்பர்தான் ரொம்ப யோசித்தான். "இங்கேயாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டான். உன் மெயிலையே காட்டினேன். பெரிய இன்ஜினியர் போல எழுதியிருக்கிறாயே, அவனும் வாயை மூடிக்கொண்டு வேலையை முடித்தான்.

அப்பாவின் படுக்கையை மாற்றிவிட்டேன். முன்னறையில் கதவு திறக்கிறபோதெல்லாம் குளிர் அடிக்கிறது, பிள்ளை அழுகிறபோதெல்லாம் அவருக்குத் தூக்கம் கெடுகிறது. இப்போது கணகணவென்று ஒரு மூலை கிடைத்துவிட்டது. "ராஜா மாதிரி இருக்கேம்மா" என்றார்.

பல் இரண்டு வந்துவிட்டது. கடிக்கிறாள். உன் புத்தி.

வாலு

-

ஜூன் 20

வாலு,

மெஷின் நன்றாக ஓடுவதில் சந்தோஷம். ஒவ்வொரு தடவையும் சல்லடையில் சேரும் பஞ்சை வழித்து எடுக்கிறாய் அல்லவா? எடுக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

விஷயம் அதுவல்ல. செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டேன். குரலே குழறியது. தலை பாரமாக இருக்கிறது என்றார். பிறகு திடீரென்று, "ஷெட்டுக் கதவத் தொறக்கச் சொல்லுடா, யாரும் தொறக்க மாட்டேங்கறாங்க" என்றார். எந்த ஷெட்டுப்பா என்றேன். "பஸ் ஷெட்டுதான், எல்லா வண்டியும் உள்ள ஓடிட்டிருக்கு" என்றார். அவர் பஸ் ஓட்டுவதை விட்டு எத்தனை காலம் ஆகிறது?

மாத்திரை எதையாவது மாற்றினாயா? தூக்க மாத்திரை கொடுக்கிறாயா? தப்பாக எடுத்துக்கொள்ளாதே. லாட்ஜ் துணி வந்ததிலிருந்து உனக்கு அவரைக் கவனிக்க நேரமில்லையோ என்று தோன்றுகிறது. போன மாதம்கூட மாற்றுப் பாதையில் பஸ் விட்டது தப்பென்று என்னிடம் அரைமணி நேரம் வாதாடியவர் அவர்.

அண்ணன்

-

ஜூலை 1

அண்ணா,

தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதிவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாம் போலிருக்கிறது.

தூக்க மாத்திரை கொடுத்து மயக்கி வைத்திருக்கிறேன், ஆமாம். அதனால்தான் காலையில் அவரைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகிறேன். அதனால்தான் அவர் வாந்தி எடுத்ததைக் கழுவுகிறேன். போன வாரம் கட்டிலிலிருந்து எழும்போது கீழே விழுந்துவிட்டார். என்னைப் பார்த்து அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அம்மா இல்லை என்று சொன்னதும் அழுதார். இதெல்லாம் உனக்குப் போனில் கேட்காது.

ஷெட் கதை தினமும் நடக்கிறது. உட்கார்ந்துகொண்டு கதவைத் திற, இன்ஜினை நிறுத்து என்கிறார். நாங்களும், "மறுபடி ஷெட்டுக்குப் போயிட்டார்" என்று சொல்லிச் சொல்லி அது எங்கள் வீட்டில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் ஆள் தேறிவிடுகிறார். சாப்பிடுகிறார், பிள்ளையோடு விளையாடுகிறார். உன் மாப்பிள்ளை, "நான் வீட்ல இருக்கற அன்னைக்கு மட்டும் நல்லாருக்காரே, உன்னைப் பாத்தாத்தான் நோவு வருதா" என்கிறார். திங்கட்கிழமை லாட்ஜ் வண்டி வந்து மூட்டைகளை இறக்கும். நான் மெஷினைப் போட்டுவிட்டு முன்பக்கம் இஸ்திரிக்கு உட்காருவேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் பழையபடி ஷெட்டில்தான் இருப்பார்.

டாக்டர் வயது என்கிறார், மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்கிறார். ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறோம். தோட்டம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறாள். உன் சம்மதம் வேண்டும். முடியாது என்றால் நீ வந்து பார்த்துக்கொள்.

மெஷினும் மக்கர் பண்ணுகிறது. முன்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்தது, இப்போது அரைநாள் ஓடினாலும் ஈரமாகவே இருக்கிறது. உன் பரிசு உன்னைப் போலவே, வந்த புதிதில்தான் ஜோர்.

வாலு

-

ஜூலை 4

வாலு,

நேற்று நீ அப்பா பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். அதற்காக நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு இந்த இல்லம் பிடிக்கவில்லை. நாற்பது வருஷம் ஊரையே ஏற்றி இறக்கியவரைக் கடைசியில் நாம் இறக்கிவிடுகிறோம்.

அதே நேரம் நான் வந்துதான் என்ன செய்வது, சொல். உன்னையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்கிறாய். இங்கே என் வேலையை யார் பார்ப்பார்கள்? சம்மதம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முடியாது என்று எழுதவும் எனக்கு யோக்கியதை இல்லை என்று நீ சொல்லாமலே தெரிகிறது. நீயே முடிவு செய். எப்படிச் செய்தாலும் என்னைத் திட்டத்தான் போகிறாய்.

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. சலவை அறையில் நின்றுகொண்டு ஒரே துணியை இரண்டு தடவை மடிக்கிறேன்.

மெஷின் விஷயம். அரைநாள் ஓடியும் காயவில்லை என்றால் காற்று போகவில்லை என்று அர்த்தம். மெஷினில் குற்றமில்லை, குழாயில் அடைப்பு. பின்பக்கம் சுற்றிப் போய், சுவரில் குழாய் முடியும் இடத்தில் கையை வைத்துப் பார். மெஷின் ஓடும்போது மூடி தானாகத் திறந்து காற்று வேகமாக வர வேண்டும். குருவி நுழையுமென்று யாராவது கம்பிவலை கட்டியிருந்தால் எடுத்து எறி. வலையில்தான் முதலில் பஞ்சு சேரும்.

அண்ணன்

-

ஜூலை 9

அண்ணா,

நேற்று கொண்டுபோய் விட்டுவிட்டோம்.

இல்லத்துக் கேட்டில் இறங்கியதும் அப்பா கட்டிடத்தை அண்ணாந்து பார்த்து, "இது எந்த டிப்போ?" என்றார். உன் மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் தேடவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இப்போது நீ எதையும் எழுத வேண்டாம். உன் யோக்கியதையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே சொல்லிக்கொண்டாய்.

மெஷினுக்கு மட்டும் பதில். சுற்றிப் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? மூடியுமில்லை ஒன்றுமில்லை. குழாய் வெளியில்தான் வந்து முடிகிறது, அப்பா கட்டிலுக்குத் தலைமாட்டுப் பக்கம். பஞ்சு பறந்து அவர் மேல் விழுகிறதென்று என் பழைய காலுறை ஒன்றை வாயில் கட்டியிருந்தேன். இன்றைக்கு அவிழ்த்துப் பார்த்தேன், உள்ளே தலையணை மாதிரி பஞ்சு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிகிறது. நீதான் வெளியில் விடச் சொன்னாய். விட்டேன்.

வாலு

-

ஜூலை 9, மாலை

மெஷினை நிறுத்து.

போன் எடு வாலு. நான்கு தடவை அடித்துவிட்டேன். எடுக்கமாட்டாய் என்று தெரிந்து பக்கத்து வீட்டு டீச்சருக்குப் போன் போட்டு, சுவரேறிக் குதித்தாவது உன் வீட்டு காஸை மூடச் சொல்லியிருக்கிறேன். அவர் வந்து கதவைத் தட்டினால் சண்டை போடாதே. எல்லாக் கதவையும் ஜன்னலையும் திற. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போ.

நம் வீட்டில் பின்தாழ்வாரத்துக்குப் பேரே வெளி, ஆனால் எனக்கு வெளி என்றால் எது? நான் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது பின்பக்கம் மேலே ஒரு கூரை, சுற்றி ஒன்றுமே இல்லை. அம்மா கொடி கட்டுவாள். சண்டை போட்டால் நம்மை, "வெளியில போய் நில்லுங்க" என்று தள்ளுவாள். காற்று அள்ளிக்கொண்டு போகும். குழாயை அங்கே விடத்தான் நினைத்தேன், நினைத்தபடியே எழுதினேன். அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கண்ணாடி போட்டது எனக்குத் தெரியாது. ஒருவேளை சொல்லியிருப்பாய், நான் காதில் வாங்கியிருக்கமாட்டேன். அறை ஆன பிறகும் அதை ஏன் வெளி என்றே கூப்பிடுகிறீர்கள்? கேட்க எனக்கு என்ன உரிமை. வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எரிந்த காஸ் அந்தக் குழாயில்தான் வருகிறது. காலுறை அடைத்துக்கொண்டால் நெருப்பு சரியாக எரியாது, விஷவாயு இன்னும் அதிகமாகும். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, இருமல்கூட வராது. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், குழப்பம். நீ எழுதிய எல்லாம். ஞாயிற்றுக்கிழமை ஏன் தேறினார் என்று இப்போது தெரிகிறதா? ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் துணி கிடையாது.

ஷெட் என்றாரே. கதவடைத்த ஷெட்டுக்குள் வண்டிகள் எல்லாம் ஓடினால் எப்படித் தலை கனக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் எங்கேயும் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளையையும் உன்னையும் டாக்டரிடம் காட்டு. அப்பா இருக்கும் இடத்துக்குப் போன் போட்டு டாக்டரிடம் இந்தக் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டு.

-

ஜூலை 15

அண்ணா,

டீச்சர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். போனில் நாம் இருவரும் அழுததை இங்கே திரும்ப எழுதவில்லை.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, எனக்கும் இல்லை. நாங்கள் முன்பக்கம் இருந்தோம், நடுக்கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தேன். அப்பாவைச் சத்தம் தொந்தரவு செய்யக் கூடாதென்றுதான் சாத்தினேன். நாள் கடந்துவிட்டதால் அப்பாவின் ரத்தத்தில் இப்போது எதுவும் தெரியாதாம். ஆனால் நடந்ததைக் கேட்டதும் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

குழாயை மாற்றியாயிற்று. அதே பிளம்பர்தான். "அன்னைக்கே கேட்டேனேம்மா" என்றான், பாவம், நான் அடிப்பேனோ என்று பார்த்துக்கொண்டே சொன்னான். கண்ணாடிச் சுவரையும் தாண்டி, நிஜமாகவே வெளியே, மூடி வைத்து முடித்திருக்கிறான். வலை கிடையாது. கையை வைத்துப் பார்த்தேன், காற்று தள்ளுகிறது. காஸ் கசிந்தால் அலறுகிற கருவி ஒன்றும், இந்த விஷவாயுவுக்கு அலறுகிற கருவி ஒன்றும் மாட்டியிருக்கிறோம். உன் மாப்பிள்ளை தினமும் பட்டனை அமுக்கி அலற வைத்துப் பார்க்கிறார். இரண்டு நாளாக அவர் ஜோக் அடிப்பதில்லை.

இப்போது முக்கியமானது. இன்று அப்பாவைப் பார்க்கப் போனேன்.

தோட்டத்து பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா, பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வந்த?" என்றார். அந்தக் குரல், அண்ணா. பழைய குரல். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், குழாய், வெளி, காலுறை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். "நானும் சொல்லிப் பாத்தேன். வாய் குழறிச்சு" என்றார். வீட்டுக்குப் போகலாம் வாங்கப்பா என்றேன். எழுந்திருக்கவில்லை.

"எனக்கு எல்லாம் காதுல விழுந்துச்சும்மா. பதில் சொல்ல வரலை, அவ்வளவுதான்" என்றார்.

எது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார். நான் அவர் கட்டில் பக்கத்தில் நின்று உன் மாப்பிள்ளையிடம், "இவரக் கொண்டுபோய் விட்டாத்தான் நான் மனுஷியா இருப்பேன்" என்று சொன்னதை வார்த்தை பிசகாமல் சொன்னார். நீ ஸ்பீக்கரில், "வந்து என்ன பிரயோஜனம், அவர் இருந்தும் இல்லாத மாதிரிதானே" என்றதையும் சொன்னார்.

வாயுவால்தான் இப்படியெல்லாம் ஆகிவிட்டது அப்பா என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்:

"வாயு எனக்குத்தானேம்மா தலைக்கு ஏறிச்சு? நீங்க ரெண்டு பேரும் நல்ல காத்துலதானே இருந்தீங்க?"

வாலு

-

ஜூலை 17

வாலு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் எழுந்து நடக்கிறேன். சலவை அறையில் பையன்கள் விலகி வழி விடுகிறார்கள்.

நேற்று அவரோடு பேசினேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போட்டேன். "வேலையெல்லாம் எப்படிப் போகுது" என்றார். "அங்க குளிரா" என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்பா அன்றைக்கு நான் சொன்னது என்று ஆரம்பித்ததும், "சரி, சாப்பாட்டு மணி அடிச்சுட்டாங்க" என்று வைத்துவிட்டார். அப்போது மணி மூன்று.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருவேன். எப்படியாவது அவரை வீட்டுக்கு அழைத்து வா. கெஞ்சு, காலில் விழு, பிள்ளையைக் கூட்டிப்போய் மடியில் போடு. நான் வரும்போது அவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

அண்ணன்

-

ஜூலை 24

அண்ணா,

வந்துவிட்டார். காலில் விழ வேண்டியிருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன், அவள் அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள், "சரி வா போகலாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு எழுந்தார். என்னிடம் சொல்லவில்லை.

முன்னறையில் படுக்கை. குளிர் அடிக்காமல் கதவுக்குத் திரை போட்டிருக்கிறோம். நன்றாகச் சாப்பிடுகிறார். வாசல்வரை நடக்கிறார். பஸ்கள் நேரத்துக்கு வருவதில்லை என்று டீச்சரிடம் புகார் சொல்கிறார். என்னோடும் பேசுகிறார், குறையாக ஒரு வார்த்தை கிடையாது. டீ கொடுத்தால், "எதுக்கும்மா உனக்குச் சிரமம்" என்கிறார். முன்பெல்லாம், "சர்க்கரைக்குப் பஞ்சமா?" என்று கேட்பார். அப்படிக் கேட்டால் தேவலை என்றிருக்கிறது. உன் மாப்பிள்ளையும் நானும் சமையலறையில்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசிக்கொள்கிறோம்.

நீ வா. வந்தால் என்ன ஆகுமென்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டால் மறுபடி சாப்பாட்டு மணி அடித்தாலும் அடிக்கும். ஆனாலும் வா, நான் மட்டும் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இல்லத்திலிருந்து கொண்டுவந்த அவருடைய பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதைப் பிரிக்கவிடமாட்டேன் என்கிறார். தினமும் அவர் துணிகளைத் துவைக்கிறேன். மெஷின் இப்போது அருமையாக ஓடுகிறது. சூடு ஆறுவதற்குள் மடித்து, அவருடைய பழைய அலமாரியில், பழைய தட்டில் வைத்துவிட்டு வருகிறேன். நான் அந்தப் பக்கம் போனதும் எழுந்து போய், ஒவ்வொன்றாக எடுத்து, சுருக்கம் விழாமல் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிடுகிறார்.

வாலு